குல்லாவை நகர்த்தியவன்

ஏற்காட்டில் ஏரிக்குப் போகிற வழியில் என் கடை. சுவெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா, காது மூடும் கம்பளித் தொப்பி எல்லாம் விற்கிறேன். கீழே வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது இங்கே குளிரும் என்று யாருக்கும் நம்பிக்கை இருக்காது. பஸ்ஸை விட்டு இறங்கிப் பத்து நிமிடம் கழித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு என் கடைக்குத்தான் வருவார்கள். ஒரு தலையைத் தூரத்தில் பார்த்தாலே அதற்கு எந்த அளவு குல்லா என்று சொல்லிவிடுவேன். அழுகிற குழந்தைக்கு அழுகை நிற்பதற்குள் குல்லா மாட்டிவிடுவேன். குல்லா விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற திமிர் அப்போது இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்தில் இந்தத் திமிருக்கும் பங்கு உண்டு.

அது மே மாதம். சீசன் உச்சத்தில் இருந்த ஒரு சனிக்கிழமை. என் மனைவிக்கு ஏழு மாதம் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. காலையில் கடையைத் திறக்கக் கிளம்பியவனை வாசலில் நிறுத்தி, பனிக்குடம் உடைந்துவிட்டது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போன இரண்டாவது மணி நேரத்தில் பெண் பிறந்தது. ஒரு கிலோ நூறு கிராம். அழுதது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல் வந்தது. நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. அங்கிருந்த டாக்டர் நீட்டி முழக்கவில்லை. "உடனே சேலத்துக்குக் கொண்டு போங்க. நிக்காதீங்க" என்றார்.

சீசன் நாட்களில் ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்குக் குப்பனூர் வழி என்று போலீஸ்காரர்கள் பிரித்துவிடுவார்கள். ஆம்புலன்ஸின் பின்னால் என் மனைவி படுத்திருந்தாள். பிள்ளையை அவள் மார்போடு சேர்த்து, துணி சுற்றி, மூக்குக்கு அருகில் ஆக்சிஜன் குழாயைப் பிடித்தபடி ஒரு ஊழியர் உட்கார்ந்திருந்தார். எனக்கு டிரைவருக்குப் பக்கத்து இருக்கை. ஒவ்வொரு வளைவிலும் சுற்றுலா வந்தவர்கள் காரை நிறுத்திப் பள்ளத்தாக்கைப் படம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் ஜன்னல் வழியாக இடுப்புவரை வெளியே நீட்டிக் கத்தினேன். வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. அவர்களில் பாதிப்பேர் என் கடைக் குல்லாவைத் தலையில் போட்டிருந்தார்கள். மலை இறங்கி முடிக்கும்போது எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பின்னால் திரும்பி ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

சேலத்து ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைகள் பிரிவை ஒரு பெண் டாக்டர் பார்த்துக்கொண்டார். என்னை உட்காரவைத்து, ஒரு தாளில் படம் வரைந்து சொன்னார்.

"நுரையீரல் இன்னும் முழுசா வளரலைங்க. மூச்சை வெளிய விட்டா அது அப்படியே சுருங்கி ஒட்டிக்குது. மறுபடி விரிக்கறதுக்குக் குழந்தைக்குத் தெம்பு இல்ல. அதனால மூக்கு வழியா காத்தை ஒரே அழுத்தத்துல விட்டுக்கிட்டே இருப்போம். சீபாப்னு சொல்லுவோம். நுரையீரலைச் சுருங்க விடாம அது தாங்கிப் பிடிக்கும். ஆனா மூச்சு விட வேண்டியது குழந்தைதான். அது முடியலைன்னா தொண்டைக்குள்ள குழாய் போட்டு மெஷின்ல மூச்சு விட வைக்கணும். இவ்வளவு சின்ன உடம்புக்கு அதுல ஆபத்து ஜாஸ்தி. முடிஞ்சவரைக்கும் அதுக்குப் போக வேண்டாம்னு பாக்கறேன்."

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். மேலே ஹீட்டர் எரியும் திறந்த தொட்டிலில், வார்மர் என்கிறார்கள், என் மகள் கிடந்தாள். மூக்குத் துளை இரண்டிலும் குட்டையான இரண்டு ரப்பர் முனைகள். அவற்றிலிருந்து இரண்டு பக்கமும் குழாய் போகிறது. ஒரு பக்கத்துக் குழாய் காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து கொண்டுவருகிறது. இன்னொரு குழாயின் நுனி தண்ணீர் ஊற்றிய பாட்டிலுக்குள் முங்கியிருக்கிறது. எவ்வளவு ஆழம் முங்குகிறதோ அவ்வளவு அழுத்தம். அந்தத் தண்ணீர் ஓயாமல் குமிழி விட்டுக்கொண்டே இருந்தது. குமிழி வருகிறவரை காற்று வழியில் எங்கேயும் கசியவில்லை என்று அர்த்தமாம்.

என் கண் போனது குல்லாவின் மேல். காது இரண்டையும் மூடி, புருவம்வரை இறுக்கமாக இழுத்துவிட்ட வெள்ளைத் துணிக்குல்லா. இரண்டு குழாய்களையும் அந்தக் குல்லாவின் பக்கவாட்டில்தான் ரப்பர் பேண்டும் ஊக்கும் போட்டு நிறுத்தியிருந்தார்கள். குல்லா அசைந்தால் குழாய் அசையும், குழாய் அசைந்தால் மூக்கில் இருப்பது அசையும். ஒரு பார்வையிலேயே புரிந்துவிடக்கூடிய விஷயம். எனக்கும் புரிந்தது. தையல் கொஞ்சம் கோணல், நான் போட்டிருந்தால் இன்னும் ஒழுங்காகப் போட்டிருப்பேன் என்றுகூட நினைத்தேன். பிள்ளை உயிருக்குப் போராடுகிறபோது தையலைக் குறை சொல்கிற புத்தி எனக்கு.

எங்கள் வீடுகளில் பிள்ளை பிறந்ததும் துடைத்து, துணியில் சுற்றி, தகப்பன் கையில் கொடுப்பார்கள். அவன் வலது காதில் பாங்கும் இடது காதில் இகாமத்தும் சொல்வான். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிற அதே வார்த்தைகள்தான். உலகத்தில் பிள்ளை கேட்கிற முதல் சொல் அதுவாக இருக்க வேண்டும். என் மகளை யாரும் என் கையில் கொடுக்கவில்லை. பிறந்தவுடன் ஆக்சிஜன், பிறகு ஆம்புலன்ஸ், பிறகு கண்ணாடி.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாள் காலையும் அத்தா மலையிலிருந்து போன் செய்தார். என் தகப்பனார் மென்மையான மனிதர், என்னைப் போல இல்லை. அன்றைக்கு அவர் குரலும் உடைந்திருந்தது.

"பாங்கு சொன்னியாப்பா?"

"உள்ளயே விடமாட்டேங்கறாங்கத்தா."

"மூணு நாளாச்சேப்பா. படைச்சவன் பேரைக் கேக்காமயே போயிருச்சுன்னா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் அழுதுவிட்டார்.

போனை வைத்துவிட்டு நான் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றேன். அவர் சொல்லாமல் விட்டதைத்தான் நானும் மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் டாக்டர் வந்து, நுரையீரலை விரிக்கும் மருந்தைக் கொடுத்த பிறகும் ஆக்சிஜன் தேவை ஏறிக்கொண்டே போகிறது என்றார். நேற்று நூற்றுக்கு நாற்பதாக இருந்தது இன்று ஐம்பத்தைந்து. "சாயங்காலம் வரைக்கும் பாப்போம். இன்னும் ஏறினா, இல்ல மூச்சு விட மறந்து நிறுத்திடுச்சுன்னா, குழாய் போட்டே ஆகணும். இப்ப உள்ள போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் யார் எப்போது சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த நிமிடமே பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டவன் மாதிரிதான் உள்ளே போனேன்.

முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். நீளக் கவுன் மாட்டிவிட்டார்கள். என் மகளைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் மஞ்சக்குட்டைக்காரப் பெண். எங்கள் மலைதான் என்று தெரிந்ததிலிருந்து என்னை அண்ணா என்றுதான் கூப்பிடும்.

"காலை மட்டும் தொடுங்ணா. தலைப்பக்கம் கை போகக் கூடாது. நொம்பச் சிரமப்பட்டு மூக்குல நிக்க வெச்சிருக்கறனுங்க" என்றது.

சரி என்று தலையாட்டினேன். என் சுண்டுவிரல் நுனியளவு பாதம். தொட்டேன். சூடாக இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சில் அந்தக் குழி விழுந்தது. தண்ணீர் பாட்டில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து நான்கு தொட்டில் தள்ளி வேறொரு குழந்தையின் மானிட்டர் அலறியது. நர்ஸ் அங்கே ஓடியது.

நான் குனிந்தேன். வாயைக் குல்லாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். துணிக்கு மேலே சொன்னால் அது காதில் சொன்னதாகுமா என்ற சந்தேகம் வந்தது. இவ்வளவு நாள் தலை தலையாகக் குல்லா மாட்டிய கை, ஒரு நூலிழை நகர்த்தினால் என்ன ஆகிவிடும் என்று அதுவாகவே போனது. வலது பக்க ஓரத்தைச் சுண்டுவிரலால் மேலே தள்ளினேன். காது தெரிந்தது. காகிதம் மாதிரி மெல்லிய, இன்னும் மடிப்புகூட விழாத காது. அல்லாஹு அக்பர் என்றேன். இரண்டாவது தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது என் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது. ஏன் என்றால் பாட்டிலில் சத்தம் நின்றிருந்தது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பிள்ளை கேட்கிறது, அதனால்தான் எல்லாம் அமைதியாகிவிட்டது என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன். அந்த இரண்டு விநாடிச் சந்தோஷத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு உதட்டைப் பார்த்தேன். நாவல்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது. நெஞ்சில் குழி விழவில்லை. நெஞ்சு அசையவே இல்லை. மானிட்டர் கத்தத் தொடங்கியது. நான் அவசரமாகக் குல்லாவைக் கீழே இழுத்துவிட்டு இரண்டு அடி பின்னால் வந்து நின்றேன்.

நர்ஸ் வந்த வேகத்தில் என்னை முழங்கையால் தள்ளியது. மூக்கிலிருந்த முனைகளைச் சரிசெய்து பார்த்தது. குமிழி வரவில்லை. சளியை உறிஞ்சி எடுத்தது, முதுகைத் தேய்த்தது. "மூச்சு விடு சாமி, விடு கண்ணு" என்று கெஞ்சிக்கொண்டே மூக்கிலும் வாயிலும் சின்ன மாஸ்க்கை வைத்துப் பையை அழுத்தியது. இதயத் துடிப்பு நூற்று ஐம்பதில் இருந்தது எண்பதுக்கு வந்து, எழுபதுக்கு வந்தது. அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டது.

"என்னங்ணா ஆச்சு? எதையாச்சும் தொட்டீங்களா?"

"இல்லைங்க" என்றேன். "ஒண்ணுமே பண்ணலைங்க. அதுவா நின்னுபோச்சு."

கடையில் ஒரு நாளைக்குப் பத்துப் பொய் சொல்கிறவன் நான். சுத்தமான கம்பளி என்பேன், வெளியூர்ச் சரக்கு என்பேன். அதே வாயில் இதுவும் வந்துவிட்டது.

டாக்டர் ஓடிவந்தார். "தானா மூச்சு நின்னுருச்சுங்களாம் மேடம்" என்றது நர்ஸ். துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். பிறகு, "இதுக்கு மேல காத்திருக்க முடியாது. குழாய் போட்டுடலாம். எடுத்து வைங்க" என்றார்.

தட்டு வந்தது. வளைந்த கத்தி மாதிரி ஏதோ பளபளத்தது. மெல்லிசாக ஒரு குழாய். அந்தத் தட்டைப் பார்த்தபோதுதான் நான் செய்தது எனக்கு முழுதாக உறைத்தது. என் மகள் மூச்சு விட மறக்கவில்லை. நான் பிடுங்கினேன். அவள் தோற்றுவிட்டாள் என்று அவர்கள் முடிவு கட்டுகிறார்கள், என் வார்த்தையை நம்பி. அவளுக்கு ஆகாது என்று டாக்டரே சொன்ன அந்தக் குழாய் இப்போது என் பொய்யால் அவள் தொண்டைக்குள் போகப்போகிறது. சொன்னால் என்னை வெளியே தள்ளுவார்கள், போலீஸில்கூடச் சொல்லலாம், ஊரே காறித் துப்பும். இவ்வளவும் ஓடியது. வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்திலும் என்னைப் பற்றித்தான் முதலில் ஓடியது.

"நான்தாங்க!" என்று கத்தினேன். அந்த அறையில் யாரும் அப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள். "நான்தான் குல்லாவை நகத்துனேன். காதுல பாங்கு சொல்றதுக்கு. அப்பறந்தான் தண்ணி நின்னுச்சு. அது நல்லாத்தான் மூச்சு விட்டுக்கிட்டு இருந்துச்சுங்க. குழாய் போடாதீங்க, உங்க கால்ல விழறேன்."

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை. ஆனால் கையில் எடுத்ததைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். "குமிழி முதல்ல நின்னுச்சா, மூச்சு முதல்ல நின்னுச்சா? யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

"குமிழிதாங்க."

"நிச்சயமா?"

"என் புள்ள மேல சத்தியமாங்க. குமிழிதான் முதல்ல."

அவர் மானிட்டரைப் பார்த்தார். பிறகு, "புதுக் குல்லா போடுங்க. முனையை மாத்துங்க. ஒரு மணி நேரம் குடுக்கறேன். மறுபடி ஒரு தடவை நின்னாலும் குழாய்தான்" என்று நர்ஸிடம் சொன்னார். என்னை வெளியே போகச் சொன்னார்.

அந்த ஒரு மணி நேரம் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். நர்ஸ் தலையை நாடாவால் அளந்து, அளவான வேறு குல்லாவை எடுத்து, ஒவ்வொரு ஊக்காக மாட்டியது. பாட்டிலில் ஒரு குமிழி வந்தது. நின்றது. மறுபடி வந்தது. பிறகு கொதிக்கிற தண்ணீர் மாதிரி விடாமல் வரத் தொடங்கியது. நான் இறைவனிடம் துஆ கேட்க நினைத்தேன், வார்த்தை ஒன்றும் வரவில்லை. கேட்பதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. குமிழிகளை எண்ணிக்கொண்டு நின்றேன், எண்ணிக்கை தப்பியது, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

ஒரு மணி நேரம் இரண்டானது. மாலையில் வெயில் இறங்கும்போது நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தது.

"அம்பத்தஞ்சுலயேதான் நிக்குது. ஏறலைங்க. மறுபடி மூச்சும் நிக்கல" என்றது. பிறகு குரலை அடக்கிக்கொண்டு திட்டத் தொடங்கியது. "ஏனுங்ணா, புத்தி இருக்குதுங்களா உங்களுக்கு? அதுகூடப் பரவால்ல, எங்கிட்டப் பொய் சொன்னீங்களே. நானும் அதை நம்பித்தான மேடத்துக்கிட்டச் சொன்னேன். அந்தக் கொழந்தைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா எனக்குச் சோறு எறங்குமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். யாராவது ஒரு வார்த்தை சொன்னால் இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவன் நான். அந்தப் பெண் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"நேத்து நானே சேர்வராயன்கிட்ட வேண்டிக்கிட்டுத்தான் இதுக்கு ஊசி போட்டேன். யாரு வேண்டாம்ங்கறா? கேட்டிருந்தா வழி சொல்லியிருப்பனுங்க. துணி என்ன சுவரா? மேல இருந்து சொன்னாலே கேக்கும். வாங்க, கையக் கழுவிட்டு வாங்க. கையைப் பின்னால கட்டிக்கிட்டு நில்லுங்க."

பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவன் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குல்லாவுக்கு ஒரு சாண் தள்ளி நின்று, பாங்கைச் சொன்னேன். மலையிறக்கத்தில் கட்டிய தொண்டை இன்னும் சரியாகவில்லை. பாதி வார்த்தைகள் காற்றாகத்தான் வந்தன. நர்ஸ் பக்கத்திலேயே பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மறுநாள் ஐம்பது ஆனது. அதற்கு மறுநாள் நாற்பத்தைந்து. ஒருநாள் மறுபடி ஏறியது, அன்று முழுக்க நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிறந்த பதினான்காம் நாள் மூக்கிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தார்கள். மூக்கின் நடுத்தண்டில் சிவப்பாக ஒரு தழும்பு. குமிழிச் சத்தம் இல்லாத அந்த இடத்தில் நிற்க எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அவள் நெஞ்சு ஏறி இறங்கியது, குழி விழாமல்.

என் மனைவியிடம் நான் எதையும் சொல்லவில்லை. முதல் நாட்களில் அவள் கீழ்த்தளத்து வார்டில் கிடந்தாள், பிறகு பால் பீய்ச்சிக் கொடுக்க மட்டும் மேலே வருவாள். பதினைந்தாம் நாள் பகலில் அவளை ஒரு சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, பிள்ளையை அவள் வெற்று மார்பில் கவிழ்த்துப் படுக்கவைத்துத் துணியால் கட்டினார்கள். குல்லா தளர்ந்து, ஒரு காது வெளியே தெரிந்தது. அந்தக் காதைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குல்லாவை நகர்த்தியதை, குமிழி நின்றதை, பொய் சொன்னதை, தட்டில் வந்த குழாயை. அறைவாள் என்று நினைத்தேன். அறைந்தால் தேவலை என்றிருந்தது.

அவள் பிள்ளையை இன்னும் இறுக அணைத்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஆம்புலன்ஸ்லயே நான் சொல்லிட்டனுங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "எதை?"

"பாங்கு. கீழ போய்ச் சேராதுன்னு நெனச்சேன். பொம்பள சொல்லலாமான்னு தெரியல. நீங்க முன்னால இருந்தீங்க. ரெண்டு காதுலயும் நானே சொல்லிட்டேன்."

அப்படியானால் மூன்றாம் நாள் நான் மகளின் மூச்சைப் பறித்தது, என்றைக்கோ நடந்து முடிந்துவிட்ட ஒரு காரியத்துக்காக. "ஏன்டி, அதை ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

மெதுவாகக் கேட்டதாகத்தான் நினைத்தேன், கத்தியிருக்கிறேன். பிள்ளை திடுக்கிட்டு, இரண்டு கைகளையும் விரித்து, முகத்தைச் சுளித்தது. என் மனைவி அதன் காதை உள்ளங்கையால் மூடினாள்.

"இதுக்குத்தாங்க" என்றாள்.